இணைப்பு ஏழு: விளையாட்டு

வியாழக்கிழமை கமிட்டி வருகிறது.
ஐம்பது வருஷத்து விளையாட்டை
ரெண்டு பக்கத்தில் அடித்துக் கொடும்மா
என்றார் முதல்வர்.
கட்டங்கள் நாலு:
ஆண்டு, போட்டி, இடம், பெயர்.

கோப்பை பீரோவின் சாவி
யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.
ஆம்பூர் பஜாரிலிருந்து வந்த ஆள்
ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தான்.
உள்ளே பதினேழு கோப்பை.
காது போனவை ஒன்பது.
ஒன்றுக்குள் பல்லி முட்டை,
ஒன்றுக்குள் எண்பத்து மூன்றாம் வருஷத்து
டீக்கடை பாக்கிச் சீட்டு.

கரையான் தின்றது போக மீதி ஒரு நீள நோட்டு.
ஷஃபியுல்லா, நீளம் தாண்டுதல், மூன்றாமிடம்.
அருமைராஜ், குண்டு எறிதல், முதலிடம்:
'நம் குண்டு வண்டியில் மறந்துவிட்டதால்
எதிர்க் கல்லூரிக் குண்டை இரவல் வாங்கி எறிந்தார்.'
இதை அப்படியே அடிக்கலாமா சார்?
பாதி அடி என்றார் பி.டி. சார்.

பெண்கள் கபடி: அணி போகவில்லை.
காரணம், துணைக்கு மேடம் இல்லை.
அடுத்த வருஷமும் அதே கையெழுத்து, அதே காரணம்.
அதற்கடுத்த வருஷம் 'மேற்படி'.
நாலாம் வருஷம் போனார்கள்.
முதல் சுற்றிலேயே திரும்பினார்கள்.
பஸ் செலவு மட்டும் பைசா சுத்தமாக இருக்கிறது.

பூங்காவனம், மூவாயிரம் மீட்டர்.
காலையில் கல்லூரி, மாலையில் ஷூ கம்பெனி.
ஜெர்மனிக்குப் போகிற ஜோடிகளுக்கு
கயிறு கோக்கும் ஓட்டை போடுகிற வேலை.
நோட்டில் 'காலணி அளவு' என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு.
நாலாவதாக வந்திருக்கிறாள்.
நாலாமிடத்துக்குக் கட்டம் கிடையாது.

பெரிய கோப்பை ஒன்றே ஒன்று,
ரெண்டு கையாலும் தூக்க வேண்டும்.
கால்பந்து, இறுதி ஆட்டம்.
எதிரணி குடியாத்தத்திலிருந்து வர வேண்டும்.
அந்த வாரம் பார்த்து
பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது.
மணல் லாரியை மட்டுமே கண்ட ஆறு
தரைப்பாலத்தை முழுங்கிக்கொண்டு போனது.
அக்கரையில் அவர்கள் பஸ்.
இக்கரையில் ஊரே திரண்டு நின்று
தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது.
மைதானத்தில் நம் ஆட்கள் பதினொரு பேர்,
பனியன் உடம்போடு ஒட்ட, மழையில்.
விதி விதிதான் என்று நடுவர் காசைச் சுண்டினார்.
கேப்டன் தசரதன் தலை என்றான்.
பூ விழுந்தது.

டாஸில் தோற்றோம், கோப்பையை வென்றோம்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வேறு மையில்:
'ஆடியிருந்தால் மூன்று கோல் வாங்கியிருப்போம். த.'

இடம்: முதல்.
பெயர்: தசரதன், மற்றும் பதின்மர்.
பன்னிரண்டாவதாகப் பாலாறு என்று அடித்தேன்.
அழித்தேன்.

கமிட்டி வந்தது. பாதாம் பால் குடித்தது.
ஏழாம் இணைப்பை விசிறியாக ஆட்டிக்கொண்டே
ஜிம் எத்தனை சதுர அடி என்று கேட்டது.

நாலரை மணிக்கு
ஆபீஸ் ஜன்னல் வழியாக ஒரு பந்து வந்து
மிச்சமிருந்த நகல்கள் மேல் சேற்றோடு உட்கார்ந்தது.
வெளியே கோட்டீஸ்வரி,
ரெண்டாம் வருஷம் பி.காம்., இடுப்பில் கை.
"இன்னாக்கா பாத்துகினு கீற, உதைக்கா!"

செருப்பைக் கழற்றினேன்.
வராண்டாவிலிருந்து ஒரே உதை.
பந்து கமிட்டி காரின் கூரையில்
வட்டமாக ஒரு முத்திரை குத்திவிட்டு
மதில் தாண்டி ஆற்றுப் பக்கம் போனது.

கோலா, அவுட்டா என்று
ரெண்டு அணிக்கும் சண்டை.
டிரைவர் அவுட் என்கிறார்.